விதைக்கோட்டை

வைகாசியில் காவிரி டெல்டா வெடித்துக் கிடக்கும். ஆற்றில் மணல் மட்டும்தான் இருக்கும். வயல் பாளம் பாளமாகப் பிளந்து, அந்த வெடிப்பில் மாட்டுக் குளம்பு சிக்கிக்கொள்ளும். மேட்டூர் அணையைத் திறப்பார்களா, எப்போது திறப்பார்கள் என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சு ஓடாது. தண்ணீருக்குக் காத்துக்கிடக்கும் அந்தக் கோடையில்தான், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் திருவிழா தொடங்கியது.

தேரும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. பந்தலுக்கு அடியில் வரிசையாகத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி நெல், முன்னால் ஒரு பெயர் அட்டை. காட்டுயானம், பூங்கார், குடவாழை, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, குழியடிச்சான், மடுமுழுங்கி. ஒன்றின் உமி கறுப்பு, ஒன்று செம்பட்டை, ஒன்றின் மூக்கில் நீளமாக முடி. வந்த விவசாயிகள் நெல்லை உள்ளங்கையில் போட்டுத் தேய்ப்பார்கள், ஊதுவார்கள், பல்லில் வைத்துக் கடிப்பார்கள். பிடித்திருந்தால் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டு 2 கிலோ விதை வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான்.

காலநிலை மாறப்போகிறது, அதற்குத் தயாராக வேண்டும் என்று யோசிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிலம் வாங்கி, வேலி போட்டு, கிணறு வெட்டி, கூரையில் சூரியத் தகடு பதித்து, யார் தயவும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தஞ்சை வட்டாரத்தில் இந்தத் தன்னிறைவுக்கு வேறொரு வரலாறு உண்டு. வெள்ளமும் வறட்சியும் உப்பும் இங்கே புதிதல்ல. அவற்றைச் சமாளிக்கும் வழி ஒவ்வொரு வீட்டிலும் வைக்கோலுக்குள் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் இங்கே பேச வேண்டிய கதை.

டெல்டா தட்டையான நிலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது படிக்கட்டு. கல்லணைக்குக் கீழே திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் தலைமடை. ஆறு திறந்த சில நாளில் அங்கே நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும். கீழே போகப் போக வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் கிளை கிளையாகப் பிரிந்து, திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வரும்போது ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கோடாகிவிடும். அது கடைமடை. தண்ணீர் வருவது கடைசி, வெள்ளம் வடிவதும் கடைசி. ஐப்பசி கார்த்திகையில் மேலே பெய்த மழையெல்லாம் அங்கே வந்து தேங்க, கடல் எதிர்ப்பக்கம் நின்று வடியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கோடையில் அதே கடல் மண்ணுக்கு அடியில் உப்பாக ஏறும்.

இந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நெல் இருந்தது. நாள் குறைந்த குறுவை, ஐந்தாறு மாதம் நிற்கும் சம்பா, குறுவையை அறுத்துவிட்டு நடும் தாளடி என்ற மூன்று பட்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்குள்ளே இருந்த நுணுக்கம்தான் பெரிது. தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலுக்குக் காட்டுயானம். ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளரும் அந்தப் பயிர், இடுப்பளவு வெள்ளத்திலும் தலையை வெளியே நீட்டி நிற்கும். யானை புகுந்தால் தெரியாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மடுமுழுங்கிக்கு அதன் பெயரே விளக்கம். கடலோர உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர் மண்ணுக்குக் களர்பாலை. மழை ஏமாற்றிவிட்டு நாள் கடந்துபோனால் பூங்கார், மூன்று மாதத்துக்குள் வீடு வந்து சேரும். எந்த வருடம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரே வீட்டில் நாலைந்து வகை விதை இருந்தது.

இதில் இன்றைக்கு அநேகமாக மறந்தேபோன ஒரு முறையை நின்று பார்க்க வேண்டும். உடு சாகுபடி என்று அதற்குப் பெயர். குறுவை விதையோடு ஒட்டடையான் என்ற நீண்டகால நெல்லைக் கொஞ்சம் கலந்து ஒரே நாற்றங்காலில் விட்டு, ஒன்றாகவே பறித்து, ஒன்றாகவே நடுவார்கள். புரட்டாசி வாக்கில் குறுவை முற்றும். அரிவாள் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். குறுவைத் தூர் அத்தோடு காய்ந்துபோகும். ஒட்டடையான் தூர் மட்டும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து, வடகிழக்குப் பருவமழையைக் குடித்து வளர்ந்து, தை மாசியில் இரண்டாவது அறுப்புக்கு வரும். ஒரு உழவு, ஒரு நடவு, இரண்டு அறுவடை. இரண்டாவது நாற்றங்காலுக்குத் தண்ணீர் கிடைக்குமோ என்ற கவலையே இல்லை. கனமழைக்கு நடுவே சேற்றில் இறங்கி மறுநடவு செய்யும் பாடும் இல்லை. மழை பிந்தினாலும் முந்தினாலும் இரண்டில் ஒன்று தப்பிவிடும். விளைச்சல் கணக்கில் இது சுமாரான முறைதான். ஆனால் பத்து வருடத்துக்கு மூன்று வருடம் கெட்டுப்போகும் நாட்டில், கெட்ட வருடத்தை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

நெல்லோடு முடிந்துவிடவில்லை. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுத்தவர்களின் கால் மிதித்து விதை ஈரமண்ணில் பதியும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் மாசிப் பனியையும் வைத்தே உளுந்து காய்த்துவிடும். பங்குனி பிறந்தால் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நடந்து வருவார்கள். வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த பட்டத்துக்கு உரம். குளத்து வண்டலை வண்டியில் அள்ளி வந்து கொட்டுவார்கள். சேற்றில் சளைக்காமல் உழுவதற்கு உம்பளச்சேரி மாடு. தலைஞாயிறு பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய, உயரம் குறைந்த, கால் உறுதியான இனம் அது.

எல்லாவற்றுக்கும் நடுவே விதை.

அறுவடைக்கு முன்பே விதைக்கான இடத்தைக் குறித்துவிடுவார்கள். வரப்போரம் தள்ளி, கதிர் ஒரே சீராக முற்றிய நடுப்பகுதி. அதற்குள் இறங்கி, வேற்று நெல் தலைகாட்டினால் பிடுங்கி எறிவார்கள். கலவன் எடுப்பது என்று அதற்குப் பெயர். அறுத்த கட்டைத் தனியே களத்துக்குக் கொண்டுபோய்க் கையாலேயே அடிப்பார்கள். மாடு விட்டு மிதித்தால் விதையின் முளைப்பக்கம் நசுங்கும். முதல் அடியில் உதிர்வதுதான் விதை, தாளில் ஒட்டிக்கொண்டிருப்பது சோற்றுக்கு. இளவெயிலில் பல நாள் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கப் பல்தான் கருவி. கடித்தால் மாவாக நசுங்காமல் கடுக்கென்று இரண்டாக முறிய வேண்டும். பிறகு தரையில் வைக்கோல் பிரிகளைச் சக்கரத்தின் ஆரக்கால்போல் பரப்பி, மேலே வைக்கோலை மெத்தையாகப் போட்டு, நடுவில் நெல்லைக் கொட்டி, நொச்சியும் வேப்பிலையும் சேர்ப்பார்கள். நாலுபக்கமும் பிரியை இழுத்து, சுற்றிச் சுற்றி, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினால் பெரிய பூசணிக்காய்போல ஒரு உருண்டை எழும். மேலே சாணம் மெழுகினால் விதைக்கோட்டை தயார். அடுப்படிப் பரணில் ஏற்றிவிட்டால் புகையில் வண்டு அண்டாது. ஆறு திறந்த சேதி வந்ததும் கோட்டையை இறக்கி, நெல்லை ஒரு பகலும் இரவும் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலைப் போட்டு மூடி, மேலே பாரம் வைப்பார்கள். மறுநாள் பிரித்தால் உள்ளே கதகதவென்று சூடு, ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு புள்ளி.

இந்த வேலைகளில் பாதிக்குமேல் பெண்களுடையது. எந்தக் கோட்டையில் எந்த நெல், எந்த வயலில் எடுத்தது, போன வருடம் எப்படி முளைத்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருந்தது. ஏட்டில் எழுதவில்லை. அதனால்தான் இரண்டு தலைமுறைக்குள் அந்த அறிவு இவ்வளவு வேகமாக அழிந்தது.

கோபுரக் கலசத்துக்குள் விதை வைத்து வெள்ளத்திலிருந்து காப்பாற்றினார்கள், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தில் மாற்றினார்கள் என்று பலரும் பெருமையாகச் சொல்வதுண்டு. கலசத்தில் தானியம் நிரப்பும் வழக்கம் உண்மை, அதன் பக்தியும் உண்மை. ஆனால் வெயிலில் காயும் செப்புக் கலசத்துக்குள் நெல் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்காது. டெல்டாவின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் விதைநெல்லின் முளைப்புத் திறன் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம்தான். அதனால் விதையைக் காப்பாற்ற ஒரே வழி, வருடா வருடம் யாராவது ஒருவர் அதை விதைத்து அறுப்பது. ஒரு ஊரில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் சம்பந்தி ஊரில் இருக்கும். அங்கேயும் போனால் தலைமடையில் இருக்கும். ஒரு மரக்கால் வாங்கி ஒன்றரையோ இரண்டோ திருப்பிக் கொடுப்பார்கள். தனி வீட்டின் தன்னிறைவு என்று ஒன்று இங்கே எப்போதும் இருந்ததில்லை. ஊருக்கு ஊர் கொடுக்கல் வாங்கல்தான் அதன் அஸ்திவாரம்.

சாப்பாட்டு நெல்லுக்கான ஏற்பாடு வேறு. மண்ணால் வனைந்த குதிர், பலகையால் கோத்த பத்தாயம், வாசலில் வைக்கோல் பிரி சுற்றிக் கட்டிய சேர் என்று வீட்டின் வசதிக்கேற்ப மாறும். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாயக்கர்கள் காலத்தில் கட்டிய செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது டெல்டாக் கணக்கு. அப்படியானால் 1500 மூட்டை. அளவைக்கும் இங்கே நீண்ட மரபு உண்டு. ராஜராஜன் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர், நடராசரின் பெயர்.

அந்தக் களஞ்சியத்துக்கு முன்னால் நிற்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நெல் யாருடையது? பத்தாயம் மிராசுதாருடையது. அதை நிரப்பியவர்கள் பண்ணையாட்கள். அவர்களுக்குக் கூலியும் நெல்தான், அளந்து போட்ட நெல். பெரும்பாலும் பட்டியல் சாதியினரான அவர்கள் வீட்டில் பத்தாயமும் இல்லை, கோட்டை கட்டி வைக்க மிச்ச நெல்லும் இல்லை. நாற்றுப் பறித்து, நட்டு, கலவன் எடுத்து, விதை பொறுக்கிய கைகள் அவர்களுடையவை. ஆனால் கெட்ட வருடத்தில் முதலில் பட்டினி கிடந்ததும் அவர்களே. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பழைய தஞ்சையின் தன்னிறைவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இரவைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

இந்திய கிராமங்கள் தமக்குத் தாமே போதுமான சின்னஞ்சிறு குடியரசுகள் என்று ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் மெட்கஃப் 1830இல் எழுதினார். அந்தச் சித்திரம் பலரையும் மயக்கியது. டெல்டா அந்தச் சித்திரத்துக்குள் அடங்காது. தஞ்சை அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறியது. உப்பு வேதாரண்யத்திலிருந்து வந்தது, கிடை ஆடு ராமநாதபுரத்திலிருந்து வந்தது. ஆறு பல நூறு மைலுக்கு அப்பால் குடகு மலையில் பெய்த மழை. டெல்டா தன் கையில் வைத்திருந்தவை மூன்று: விதை, உரம், வாய்க்கால் வெட்டும் உழைப்பு. அந்த மூன்றாவதுக்குக் குடிமராமத்து என்று பெயர். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஆங்கிலேய அரசு 1858இல் அதைச் சட்டமாகவே எழுதியது. வழக்கமாக இருந்தவரை நடந்த வேலை, சட்டமான பிறகு மெல்லத் தேய்ந்தது.

1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைத் தாத்தா சொல்லிக் கேட்டவர்கள் டெல்டாவில் இன்னும் உண்டு. அதே வருடம் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக, அடுத்த வருடம் மேட்டூரில் வேலை தொடங்கி, 1934இல் அணை முடிந்தது. 93.47 டிஎம்சி கொள்ளளவு. வெள்ளம் கட்டுக்குள் வந்தது, அணை திறக்கும் நாளாக ஜூன் 12 டெல்டாவின் நாட்காட்டியில் ஏறியது, புதாறு வெட்டிப் பட்டுக்கோட்டை வரை பாசனம் நீண்டது. வெள்ளத்தோடு வந்த வண்டலும் அணையிலேயே தங்கிவிட்டது. வருடா வருடம் ஆறு இலவசமாகக் கொண்டுவந்து போட்ட உரம் அது.

விதை வீட்டை விட்டுப் போனது 1960களில். 1960இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27 குறுவையில் புயலாகப் பரவியது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம்மூர் ஜிஇபி 24ஐயும் ஒட்டி உருவாக்கிய ரகம். ஜிஇபி 24 என்பதும் அன்னியமல்ல. கோணாமணி என்ற நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய மாற்றத்தைக் கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்து 1921இல் வெளியிட்டது. விவசாயிகள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று கொண்டாடினார்கள்.

அந்தக் காலத்து அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. 1965, 1966 இரண்டு வருடமும் நாட்டில் மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடையில் கோதுமை போட்ட நாட்கள். சாப்பிட வாய் பெருகிக்கொண்டே போனது. காட்டுயானத்தை மட்டும் நம்பி அந்தப் பசியை ஆற்றியிருக்க முடியாது. உயர்ந்து வளரும் நாட்டு நெல்லுக்கு யூரியா போட்டால் தலை கனத்துச் சாய்ந்துவிடும். குட்டை ரகங்கள் சாயாமல் நின்று இரட்டிப்பாகக் கொடுத்தன. தவறு வேறு இடத்தில் நடந்தது. புதியது வந்தபோது பழையதில் ஒரு மூலையையாவது விட்டுவைக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. நீல அட்டை கட்டிய சான்று விதை மூட்டை வருடா வருடம் டெப்போவில் கிடைக்கும்போது கோட்டை எதற்கு? விதைப்பது நின்றால் இரண்டு வருடத்தில் விதை செத்துவிடும் என்பதை மேலே பார்த்தோம். உடு சாகுபடி நின்றதும் ஒட்டடையான் போனது. டிராக்டர் வந்ததும் உம்பளச்சேரி மாடு குறைந்தது. கோட்டை கட்டத் தெரிந்தவர்கள் வயதாகிக் காலமானார்கள்.

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938இல் பிறந்த, இயற்கை விவசாய இயக்கத்தின் நம்மாழ்வார், வேளாண் பட்டம் வாங்கி, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். 2003இல் அவர் பூம்புகாரிலிருந்து கல்லணைவரை நடந்தார். கடைமடையிலிருந்து தலைமடைக்கு, ஆறு வரும் வழியில் எதிர்த்திசையில். வழியில் விவசாயிகள் சிலர் தங்களிடம் மிஞ்சியிருந்த நாட்டு நெல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் ஏழு வகை சேர்ந்தன. அவற்றைப் பெருக்கும் பொறுப்பு திருத்துறைப்பூண்டி வட்டம் கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமனிடம் வந்தது. நுகர்வோர் உரிமைப் பணியில் இருந்தவர், பெரிய நிலக்கிழார் அல்ல. ஏழு பிடி நெல்லில் தொடங்கியவரை ஊர் பிறகு நெல் ஜெயராமன் என்றே அழைத்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகை மாவட்டக் கரையோர வயல்களில் கடலைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பேறிய அந்த மண்ணில் பல வருடத்துக்கு ஒன்றும் முளைக்காது என்றுதான் பலர் நினைத்தார்கள். நம்மாழ்வாரும் இயற்கை விவசாய இயக்கத்தினரும் அங்கே தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழவைத்தார்கள். மழைநீரைத் தேக்கி உப்பை வடித்தார்கள். உவரைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நெல்லின் அருமை அப்போதுதான் புதிய தலைமுறைக்குத் தெரிந்தது. வழக்கொழிந்த சரக்கென்று ஒதுக்கி வைத்த விதைக்கு ஒரே இரவில் வேலை வந்திருந்தது.

இரண்டு கிலோ வாங்கி நான்கு கிலோ கொடுக்கும் கணக்கில் ஏழு வகை நூற்றைத் தாண்டி, கடைசியில் 174 ஆனது. வாங்கியவர்களில் திருப்பித் தந்தவர்களும் உண்டு, மறந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரே வகை இருபது ஊரில் விளைந்தால் இரண்டு ஊரில் அழிந்தாலும் பாதகமில்லை. பழைய சம்பந்தி ஊர் ஏற்பாட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தின் உதவியோடு மறுபடி நிறுவியதுதான் அந்தத் திருவிழாவின் சாதனை. விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தரும் சட்டம் 2001இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அந்த உரிமையைப் பந்தலுக்கு அடியில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இதற்குள் வானம் தன் போக்கை மாற்றிக்கொண்டிருந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. மறுவருடம் ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2018இல் நேர்மாறு. ஜூலையில் மேட்டூர் நிரம்பி வழிந்தது, ஆகஸ்ட் 22 இரவு, ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்துபோயின. கொள்ளிடத்தில் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்த அதே நாட்களில் கடைமடை வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. அந்த வருடமே நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. தென்னை ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் பத்து வருடத்து வாழ்வை இழந்தன. சம்பா வயல் அடுத்த வருடம் மறுபடி பச்சையாகும், தென்னை ஆகாது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 6 அன்று, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நெல் ஜெயராமன் காலமானார். நம்மாழ்வார் ஐந்து வருடம் முன்பே, 2013 டிசம்பர் 30இல், பட்டுக்கோட்டை பக்கம் போராட்டப் பயணத்தின் நடுவே இறந்திருந்தார்.

2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் கொட்டித் தீர்த்த மழை இன்னொரு பாடம். தை என்றால் பனி, அறுப்பு, களம் என்பதுதான் கணக்கு. முற்றிய சம்பா தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. அறுத்துக் காப்பாற்றியவர்கள் கொள்முதல் நிலைய வாசலில் காத்து நின்றார்கள். 17 சதவீதத்துக்குமேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள், விலக்கு வேண்டுமென்றால் டெல்லியிலிருந்து ஆணை வர வேண்டும். சாலையில் ஒரு பக்கத்தை அடைத்துக் குவித்த நெல்லைப் பெண்கள் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருப்பது இப்போது டெல்டாவின் வாடிக்கையான காட்சி.

விஞ்ஞானமும் திரும்பிப் பார்த்தது. ஒடிசா விவசாயிகளின் நாட்டு நெல்லிலிருந்து பல பத்தாண்டுக்கு முன் தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம், இரண்டு வாரம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தாலும் சாகாது. தண்ணீர் மூடியதும் வளர்வதை நிறுத்தி, சக்தியைச் சேமித்து, மூச்சடக்கிக் காத்திருக்கும். தலையை நீட்டித் தப்பிக்கும் காட்டுயானத்தின் உத்திக்கு நேர் எதிர். அதற்குக் காரணமான சப்1 மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அது இப்போது டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான சிஆர் 1009க்குள்ளும் ஏறி, வெள்ளம் தாங்கும் ரகமாக வயலுக்கு வந்திருக்கிறது. யாரோ ஓர் ஒடிசாக் குடும்பம் அந்த நெல்லை விட்டுவிடாமல் விதைத்து வந்திராவிட்டால் தேடி எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உறைபனிக் களஞ்சியம் உலகத்தின் விதைகளைச் சேமிக்கிறது. சிரியப் போரால் அலெப்போ விதை வங்கியை இழந்த ஆய்வாளர்கள் 2015இல் அங்கேதான் போய் எடுத்தார்கள். அப்படி ஒன்று வேண்டும். ஆனால் உறைபனியில் கிடக்கும் விதை, போன வருடம் வேதாரண்யத்து உப்பு எவ்வளவு ஏறியது என்று அறியாது. வயலில் வருடா வருடம் நிற்கும் விதைதான் வானத்தோடு சேர்ந்து மாறும்.

தமிழக அரசு 2021இல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. நகரங்களில் கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் மவுசு கூடி, சாதாரண அரிசியைப்போல் சில மடங்கு விலைக்குப் போகிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு கவலையும் உண்டு. வாங்குகிறவர் சர்க்கரைக்கு நல்லதா, பிள்ளை பெற்றவளுக்கு நல்லதா, நிறம் எப்படி என்று கேட்கிறார். எந்த நெல் வெள்ளத்தில் நிற்கும், எது உப்பில் விளையும் என்று அவர் கேட்கப் போவதில்லை. வாய்க்குப் பிடித்த பத்து வகை பெருகும். மடுமுழுங்கிக்கு வாங்க ஆளில்லை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் இரண்டே வகை, சன்னரகம், பொதுரகம். குழியடிச்சானைக் கொண்டுபோனால் எந்தக் குவியலில் கொட்டுவது? வெள்ளத்துக்கான நெல்லை விளைவிக்கும் கடைமடைக்காரர் ஊருக்கெல்லாம் ஒரு காப்பீட்டைச் சுமக்கிறார். அதற்கு விலை கொடுக்க இன்னும் ஓர் ஏற்பாடு இல்லை. அரை ஏக்கரில் அதை விதைத்தால் அவருக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுகட்டுவது கோடிகள் கேட்கும் காரியமல்ல.

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்தில் ஆவணி கடைசியில் போனால் இன்னும் புழுதி விதைப்பைப் பார்க்கலாம். ஆற்றுத் தண்ணீர் வந்து சேராத வயலைக் காய்ந்த மண்ணிலேயே உழுது, முளை கட்டாத நெல்லை வீசிவிட்டு, மேலே பலகையை இழுத்து மூடிவிடுவார்கள். நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை. மண்ணுக்குள் விதை வாரக்கணக்கில் மழைக்காகக் காத்துக் கிடக்கும். விதைத்தவர் வரப்பில் உட்கார்ந்து தென்கிழக்கே மேகத்தைப் பார்ப்பார். வீட்டுப் பரணில் இன்னொரு மூட்டை கட்டி வைத்திருப்பார், முதல் மழை ஏமாற்றி முளை கருகிவிட்டால் மறுபடி வீசுவதற்கு.